கிறிஸ்துமஸ் வழக்கங்களை ஒப்பிடக் கற்பிப்பதற்கு உங்கள் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகளுக்குப் பல நாடுகளின் கிறிஸ்துமஸ் வழக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுத்தரும் பாடம் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். போலந்தில் டிசம்பர் 24 மாலை முதல் விண்மீன் தென்பட்ட பிறகே விருந்து தொடங்குகிறது என்பதையும், எதிர்பாராமல் வரக்கூடிய விருந்தினருக்காக மேசையில் ஓர் இடம் காலியாக விடப்படுகிறது என்பதையும், மெக்சிகோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை மரியாளும் யோசேப்பும் தங்க இடம் தேடியதை மக்கள் வீடு வீடாகச் சென்று பாடி நடிக்கிறார்கள் என்பதையும் குழந்தைகள் ஆர்வத்துடன் கேட்டார்கள். ஆனால் ஒப்பிடச் சொன்னால், வேறுபாடுகளை அடுக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். வந்தவருக்கு இடம் தருவது என்ற ஒரே எண்ணம் இரண்டிலும் இருப்பதை (என் பார்வையில் பாடத்தின் உயிர் இதுதான்) நான் சொல்லாமல் அவர்களே கண்டறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

எத்தியோப்பியாவில் இவ்விழா பெரும்பாலும் ஜனவரி 7 அன்று வருகிறது என்றதும், "ஏன் தாமதம்?" என்று ஒரு குழந்தை கேட்டது. அது தாமதமன்று, நாட்காட்டியே வேறு என்பதை இந்த வயதினருக்கு எவ்வாறு விளக்கலாம்? ஒற்றுமையைத் தேடத் தூண்டும் கேள்விகள் எவை? வகுப்பில் முயன்று பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.