டிவிக்குப் பின்னால் ஒரு வெற்றுக் கோப்புறை

மஞ்சக்குப்பம், கடலூர்:

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி ஒன்று இருக்கிறது. அதன் 32 ஜிபி மெமரி கார்டில் லினக்ஸ் இயங்குதளமும், படமும் பாட்டும் ஓடவிடும் கோடி என்ற மென்பொருளும், யூஎஸ்பியில் செருகிய 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில் படங்களும் பாட்டுகளும் உள்ளன. என் மனைவியின் கைப்பேசியில் எடுக்கும் புகைப்படங்களும், பழைய கேசட்டுகளிலிருந்து அப்பா தம் மடிக்கணினியில் மாற்றி வைத்திருக்கும் தேவாரப் பதிவுகளும், கருவிகளுக்கிடையே கோப்புறைகளை ஒன்றுபோல் வைத்திருக்கும் சிங்க்திங் என்ற மென்பொருள் வழியாகத் தாமாகவே அந்த டிஸ்க்குக்கு வந்து சேரும். நிறுவியது ஒரு மாலை நேரத்து வேலைதான். டிஸ்க் கழன்றிருந்தாலும் பை தொடங்கிவிட வேண்டும் என்பதற்காக, எந்த டிஸ்க்கை எந்தக் கோப்புறையில் ஏற்றுவது, அதாவது இணைப்பது, என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்திருந்தேன். பின்னால் நடந்தவை எல்லாவற்றுக்கும் வழிவிட்டது அந்த ஒரு சொல்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் திரும்பியபோது பை எழுந்துகொண்டது, டிஸ்க் எழவில்லை. சிங்க்திங் பக்கத்தைத் திறந்தால் இரண்டு கோப்புறைகளும் சிவப்பாக நின்றன. கோப்புறையின் அடையாளக் குறியைக் காணவில்லை என்பது செய்தி. தான் கவனிக்கும் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் டாட் எஸ்டிஃபோல்டர் என்ற சிறு கோப்புறையைச் சிங்க்திங் உருவாக்கி வைக்கும் என்பது எனக்குத் தெரியும். அது எதற்காக வைக்கப்படுகிறது என்று மட்டும் நான் அதுவரை யோசித்ததில்லை. புயலில் அழிந்துவிட்டது போலும் என்று எண்ணி, அதே பெயரில் இரண்டு இடத்திலும் கையால் ஒன்றை உருவாக்கினேன். சிவப்பு மறைந்து பச்சை வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கால் மணி நேரத்தில் அப்பா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாட்டெல்லாம் எங்கேப்பா போச்சு?" என்றார். டிஸ்க் ஏற்றப்படாததால் அதன் இடத்தில் இருந்தது மெமரி கார்டில் உள்ள வெற்றுக் கோப்புறை. நான் குறியை வைத்தவுடன் சிங்க்திங் அதை உண்மையான கோப்புறை என்று நம்பி, உள்ளே ஒன்றும் இல்லாததைக் கண்டு, எல்லாப் பாட்டுகளும் அழிக்கப்பட்டதாகப் பதிவுசெய்து, அந்தச் செய்தியை மடிக்கணினிக்கும் அனுப்பிவிட்டது. அது இட்ட வேலையைச் சரியாகவே செய்தது. டிஸ்க் இல்லாத நேரத்தில் இப்படி நடந்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் குறியே இருக்கிறது.

கைப்பேசியை முன்பே, மற்றக் கருவிகளின் மாற்றங்களை ஏற்காத 'அனுப்ப மட்டும்' என்ற வகையில் அமைத்திருந்ததால் புகைப்படங்கள் அழியவில்லை. அத்துடன் நான் சும்மா இருந்திருக்கலாம். கைப்பேசியில் இருப்பதையே மற்றக் கருவிகளும் ஏற்கும்படி செய்யும் 'மேலெழுது' என்ற பொத்தானையும் அழுத்தினேன். புகைப்படங்கள் அத்தனையும் மறுபடி பையை நோக்கிக் கிளம்பி, டிஸ்க்குக்குப் பதிலாக மெமரி கார்டில் இறங்கின. இரவு ஒன்பது மணிக்குக் கார்டு நிரம்பிக் கோடியும் திறக்க மறுத்தது.

மறுநாள் காலையில்தான் யூஎஸ்பி முனையைக் கழற்றிப் பார்த்தேன். உலோகத் தகடுகளின் மேல் பச்சை படிந்திருந்தது. கடற்காற்று வீசும் ஊரில் அது புதிதல்ல. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துச் செருகியதும் டிஸ்க் தெரிந்தது, உள்ளே ஒரு பதிவும் குறையவில்லை. சிங்க்திங் மறுபடி பார்வையிட்டு, பாட்டுகள் புதிதாக வந்தவை என்று கருதி மடிக்கணினிக்குத் திருப்பி அனுப்பியது. ஆனால் மெமரி கார்டு நிரம்பியபடியே இருந்தது ஏன் என்று புரிந்துகொள்ள எனக்கு அரை நாள் ஆயிற்று. டிஸ்க்கை ஏற்றியவுடன் அதன் அடியில் இருக்கும் பழைய கோப்புறை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். அதில் இறங்கிய புகைப்படங்களோ அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. சிங்க்திங்கை நிறுத்தி, டிஸ்க்கை இறக்கி, அவற்றை அழித்த பிறகே இடம் கிடைத்தது.

இப்போது டிஸ்க் ஏற்றப்படும் வெற்றுக் கோப்புறைக்கு சேட்டர் என்ற லினக்ஸ் கட்டளையால் எழுத முடியாத பூட்டுப் போட்டிருக்கிறேன். டிஸ்க் இல்லாதபோது ரூட் என்ற நிர்வாகி கணக்கால்கூட அதில் ஒரு எழுத்தும் எழுத முடியாது. ஏறிய பிறகு அந்தப் பூட்டு டிஸ்க்கைத் தடுக்காது. அப்பாவின் மடிக்கணினியில், அழிக்கப்படும் கோப்புகளை 30 நாள் எடுத்துவைக்கும் சிங்க்திங்கின் குப்பைத்தொட்டி வகைப் பதிப்புச் சேமிப்பையும் இயக்கியிருக்கிறேன். வேறொரு கருவியிலிருந்து வரும் அழிப்பை மட்டுமே அது காப்பாற்றும். மடிக்கணினியிலேயே அப்பா அழித்தால் காப்பாற்றாது என்பதை அவரிடமும் சொல்லிவைத்தேன்.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

ஐயா, தேவாரப் பதிவுகள் என்று எழுதியிருப்பதால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். என் மாமனார் பதிகத்தின் முதல் அடி, ஓதுவார் பெயர், பண், தலம், பதிவுசெய்த நாள் அனைத்தையும் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுவார். திருப்பாதிரிப்புலியூரில் அப்பர் பாடிய, ஈன்றாளுமாய் எனத் தொடங்கும் பதிகத்தின் பெயர் மட்டும் திரையில் இரண்டு வரி ஓடும். அவருடைய விண்டோஸ் கணினியில் அது ஒழுங்காகத் திறந்தது. சிங்க்திங் வழியாக எங்கள் லினக்ஸ் பெட்டிக்கு மட்டும் இப்படிப் பதினோரு கோப்புகள் போய்ச் சேராமல் ஒரு வாரமாக 99 சதவீதத்திலேயே நின்றன. வைஃபையையும் ரவுட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தபின், தோல்வியுற்றவை என்ற பட்டியலைத் திறந்தால் பெயர் மிக நீளம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் இஎக்ஸ்டி4 வடிவத்தில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் ஆகும். ன் என்பது னகரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடு என்பதால் அதற்கு 6 பைட் போய்விடும். ஆங்கிலத்தில் 255 எழுத்து கொள்ளும் இடத்தில் தமிழில் ஐம்பது, அறுபது எழுத்துக்குள் முடிந்துவிடும். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீட்டை எண்ணுவதால் அங்கே அது தெரியவில்லை.

பெயர்களைச் சுருக்கச் சொன்னபோது மாமனாருக்கு மனமே இல்லை. ஒன்றின் பெயரை மட்டும் முதலில் சுருக்கி, ஓதுவார், பண், தலம் ஆகியவற்றை எம்பி3 கோப்புக்குள்ளேயே பாட்டின் விவரங்களை வைக்கும் ஐடி3 குறிப்புகளுக்கு மாற்றிக் கொடுத்து, கோடியில் பதிகத்தைத் திறந்தால் ஓதுவார் பெயர் டிவியில் பெரிதாகத் தெரிவதைக் காட்டிய பிறகுதான் மீதிப் பத்தையும் சுருக்க ஒப்புக்கொண்டார்.