அட்மோஸ் சவுண்ட்பார் வாங்கினேன், மேலிருந்து சத்தமே வரவில்லை. திருப்பிக் கொடுக்கவா?

கல்லடி_கரை
அவசரம். போன கிழமை ஒரு அட்மோஸ் சவுண்ட்பார் எடுத்தேன், 5.1.2 வகை. அட்மோஸ் என்றால் தலைக்கு மேலாலும் சத்தம் கேட்க வைக்கும் டொல்பி நிறுவனத்தின் முறை. கடையில் போட்டுக் காட்டும்போது ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் போனது. வீட்டில் பூட்டினால் எல்லாச் சத்தமும் டீவிக்குக் கீழேயிருந்துதான் வருகிறது. அதோடு பேச்சுச் சத்தமும் குறைவு. அம்மா ஒவ்வொரு வசனத்துக்கும் "என்ன சொன்னவன்?" என்று கேட்கிறா. செட்டிங் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கொண்டு போனால் கடையில் மாற்றித் தருவார்கள். வீட்டுக்கு இந்த அட்மோஸ் உண்மையில் பிரயோசனமா, அல்லது சாதாரண 5.1 எடுக்கவா? கெதியாகச் சொல்லுங்கள்.

காத்தான்குடி_நானா
தம்பி, எந்த வயரால் டீவியோடு இணைத்திருக்கிறீர்கள்? எச்.டி.எம்.ஐ.யா, ஒப்டிக்கலா? என்ன படம் போட்டீர்கள், எதில் போட்டீர்கள்? இது தெரியாமல் திருப்பிக் கொடு என்றோ வைத்திரு என்றோ சொல்ல முடியாது.

அக்கரை_ஒலி
நானா சொல்வது சரி. மாடல் இல்லை, டீவி பற்றி ஒன்றும் இல்லை, அறையின் அளவு இல்லை. இப்படிக் கேட்டால் யார் பதில் சொல்வது? வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும். 5.1.2 என்பதில் 5 என்பது காது மட்டத்தில் வரும் சனல்கள், அதாவது தனித்தனி ஒலி வழிகள், 1 அடித்தொனிக்கான சப்வூபர், 2 என்பது உயரத்துக்கு. அட்மோஸ் 2012இல் தியேட்டர்களுக்காக வந்தது. அங்கே 128 ஒலித்தடங்கள் வரை, 64 ஸ்பீக்கர்கள் வரை போகலாம். அந்த அனுபவத்தை ஒரு நீளப் பெட்டியிடம் எதிர்பார்ப்பதே பிழை. நான் பல வருடமாக இந்த வேலை செய்பவன், எத்தனை பேருக்கு இதைச் சொல்லிவிட்டேன்.

மருதமுனை_தறி
எனக்கு என்னவோ பிரச்சினை படத்தில்தான் என்று படுகிறது. டெலிகிராமில் இறக்கிய பைல் என்றால் பெரும்பாலும் இரண்டு சனல்தான் இருக்கும். அதில் மேலே போக ஒன்றுமே இல்லை. சவுண்ட்பார் அதையே பிரித்துப் பரப்பும், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் இரண்டு மாதம் இப்படித்தான் தலையை உடைத்தோம். பைல்தான் காரணம்.

வாவி_நிலவு
அறையையும் பாருங்கள் சகோ. தரை டைல்ஸ், சுவர் வெறும் பூச்சு, யன்னலுக்குத் திரையில்லை என்றால் சத்தம் எல்லாப் பக்கமும் அடித்துத் திரும்பி வசனம் கலங்கிப் போகும். தடித்த திரை ஒன்று போடுங்கள், சோபாவுக்கு முன்னால் கார்ப்பெட் விரியுங்கள். அம்மாவுக்குக் கேட்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

கல்லடி_கரை
பென்டிரைவில் இருந்த படம். பிறகு நெற்பிளிக்ஸிலும் போட்டேன், அதே மாதிரித்தான். வயர் பெட்டியோடு வந்தது, நுனியில் சிவப்பு வெளிச்சம் தெரியும். டீவி 2018இல் எடுத்தது.

காத்தான்குடி_நானா
சிவப்பு வெளிச்சம் என்றால் ஒப்டிக்கல். பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. ஒப்டிக்கலால் பழைய டொல்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும். நெற்பிளிக்ஸ் அட்மோஸ், டொல்பி டிஜிட்டல் பிளஸ் என்ற வடிவத்துக்குள் வருகிறது, அது இந்த வயரால் போகாது. டீவியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஒன்றில் ஆர்க் என்று எழுதியிருக்கும். சவுண்ட்பாரிலும் அதே பெயரில் ஒன்று இருக்கும். இரண்டையும் எச்.டி.எம்.ஐ. வயரால் இணையுங்கள். பிறகு டீவியின் ஒலி செட்டிங்கில் பி.சி.எம். என்று இருந்தால் அதை ஓட்டோ அல்லது பாஸ்த்ரூவுக்கு மாற்றுங்கள்.

ஆர்க்கின் புதிய வகையான ஈஆர்க் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ப்ளூரே டிஸ்க்கில் வரும் ட்ரூ எச்.டி. என்ற பெரிய ஒலி வடிவத்துக்குத்தான் அது கட்டாயம். நெற்பிளிக்ஸுக்குச் சாதாரண ஆர்க் போதும், டீவி அதைத் தடுக்காமல் அனுப்பினால் சரி. நெற்பிளிக்ஸில் பிரீமியம் திட்டம் எடுத்திருக்க வேண்டும், படத்தின் விபரத்தில் அட்மோஸ் அடையாளமும் இருக்க வேண்டும். போட்டதும் சவுண்ட்பாரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி.

அக்கரை_ஒலி
ஒப்டிக்கலில் கொழுவிவிட்டு அட்மோஸ் வரவில்லை என்று முறையிடுவது. இதுதான் நான் சொன்னது.

சம்மாந்துறை_வயல்
அக்கரை அண்ணன், பெட்டிக்குள் வைத்த வயரைத்தான் அவர் கொழுவினார், அதில் அவருடைய பிழை என்ன? கடையிலாவது சொல்லியிருக்க வேண்டும்.

கல்லடித் தம்பி, யாரும் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். உங்கள் ஹோலுக்கு மேலே என்ன இருக்கிறது? கொங்கிறீற்றா, சீலிங்கா, ஓடா, கூரைச் சீற்றா?

கல்லடி_கரை
சீற். சீலிங் அடிக்கவில்லை. நடுவில் பதின்மூன்று அடி இருக்கும், இரண்டு பக்கமும் சரிவு. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு அக்கா?

சம்மாந்துறை_வயல்
முழுத் தொடர்பும் அதுதான். உங்கள் பெட்டியில் அந்த 2 என்பது மேலே பார்த்திருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கர். அவை சத்தத்தை மேலே எறியும், அது சீலிங்கில் பட்டுத் திரும்பி உங்கள் தலைக்கு வர வேண்டும். அதற்குச் சமதளமான, கெட்டியான சீலிங் வேண்டும். 7.5 அடி முதல் 12 அடி வரை உயரம் தோதானது என்பது டொல்பியின் கணக்கு. சரிவான கூரையில் பட்டால் சத்தம் வேறு கோணத்தில் போய்விடும். நெளிந்த சீற் அதைச் சிதறடிக்கவும் செய்யும், இடையில் கூரையின் வளைமரமும் கைமரமும் வேறு. கடை கொங்கிறீற் கட்டடமாக, தட்டையான சீலிங்கோடு இருந்திருக்கும், அதனால்தான் அங்கே ஹெலிகொப்டர் கேட்டது.

எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேலே ஓடோ சீற்றோதான். மாரி மழைக்குச் சீற்றில் அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இந்த வீடுகளுக்கு மேலே எறியும் ஸ்பீக்கர் பொருந்தாது என்பதைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. எனக்கு அது ஆத்திரம். காசு சேர்த்து வாங்கும் சனம் இது.

பழைய_ஸ்டீரியோ
இதற்குத்தான் சொல்கிறேன், நல்ல ஸ்பீக்கர் இரண்டு, ஒரு அம்பிளிபயர், அது போதும். அதே காசுக்குப் பாட்டும் வாழும், படமும் வாழும்.

வாவி_நிலவு
பாட்டுக்குச் சரி. ஆனால் வசனத்துக்கு நடு ஸ்பீக்கர் வேண்டும் ஐயா. பக்கத்தில் தள்ளி இருப்பவருக்கும் குரல் திரையிலிருந்தே வருவது அதனால்தான்.

அக்கரை_ஒலி
உயரம் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. தனி ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் ஒன்று, ஏழு சனல் அம்பிளிபயர் உள்ளது. சீற்றைத் துளைத்துக் கொழுக்கி போட்டு இரண்டு ஸ்பீக்கரைத் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். முடிந்தது.

மருதமுனை_தறி
சீற் அஸ்பெஸ்டோஸாக இருந்தால்? அதைத் துளைத்தால் தூசியில் நார் பறக்கும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

அக்கரை_ஒலி
நூறு வீட்டில் துளைத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருதமுனை_தறி
அண்ணன், அதனால் வரும் நுரையீரல் நோய் உடனே வருவதில்லை, இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியும். இருக்கிறபடி இருக்கும் சீற் பெரிய ஆபத்தில்லை. வெட்டுவதும் துளைப்பதும்தான் ஆபத்து. நீங்கள் இனியாவது முகக்கவசம் இல்லாமல் செய்யாதீர்கள், உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

அக்கரை_ஒலி
கூரை வேலை செய்யும் எல்லோருமா செத்துப்போனார்கள்? மேசன்மார் தினமும் வெட்டுகிறார்கள்.

சம்மாந்துறை_வயல்
அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை என்பதுதான் கவலை. துளைக்காமலே வழி இருக்கிறது. முன் சுவரின் மேல் மூலைகளில் இரண்டு சின்ன ஸ்பீக்கரைச் சாய்த்துப் பூட்டலாம், டொல்பி அந்த இடத்தையும் ஏற்கிறது. சரியாகத் தலைக்கு மேலே கேட்காது, ஆனால் உயரம் தெரியும். ரிசீவரில் ஸ்பீக்கர் இடத்தைக் கேட்கும்போது முன் உயரம் என்று கொடுக்க வேண்டும்.

பழைய_ஸ்டீரியோ
சீலிங் அடித்தால் இரண்டு வேலையும் முடியும். வெக்கையும் குறையும்.

வாவி_நிலவு
சீலிங் அடித்த வீட்டில் எலி ஓடும் சத்தம் உண்மையிலேயே மேலிருந்து வரும். நாங்கள் அடித்துவிட்டு ஒரு வருடத்தில் கழற்றினோம். காற்றுக்கு வழி விடாமல் அடித்தால் வெக்கையும் போகாது.

காத்தான்குடி_நானா
சீலிங் பேச்சை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம், தம்பிக்கு வெள்ளிக்கிழமை கெடு. என் கருத்து இது: வயரை மாற்றிப் பாருங்கள். அம்மாவுக்காக ரிமோட்டில் நைட் மோட், வொய்ஸ் மோட் இருந்தால் போடுங்கள், வெடிச் சத்தம் அடங்கிக் குரல் மேலே வரும். சப்வூபர் சுவர் மூலையில் இருந்தால் கொஞ்சம் வெளியே இழுங்கள், மூலையில் அடித்தொனி கூடி வசனத்தை மூடும். அதற்குப் பிறகும் மேலே கேட்காவிட்டால், உங்கள் கூரைக்கு அந்த 2க்குக் காசு கொடுப்பது வீண். தனி நடு ஸ்பீக்கரும், பின்னால் வைக்க இரண்டு ஸ்பீக்கரும் உள்ள 5.1 எடுங்கள். சுற்றி வரும் சத்தத்தில் பெரிய பங்கு காது மட்டத்தில்தான் இருக்கிறது.

கல்லடி_கரை
வயர் மாற்றினேன், முகப்பில் அட்மோஸ் என்று வந்தது. மேலே ஒன்றும் கேட்கவில்லை. சப்வூபரை இழுத்து வொய்ஸ் மோட் போட்டதும் அம்மா முழுப் படமும் கேள்வி கேட்காமல் பார்த்தா. நாளைக் காலை கடைக்குப் போகிறேன், 5.1 எடுக்கத்தான். சீற்றைத் துளைக்க மாட்டேன். நானாவுக்கும் சம்மாந்துறை அக்காவுக்கும் பெரிய நன்றி.

மருதமுனை_தறி
எது எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள் சகோ, எங்கள் வீடும் சீற்தான்.

மருதமுனை_தறி
சகோ?