அப்பத்தாவின் 64 ரூபாய்

குரூப்: நம்ம வீட்டு ஆட்கள்

அத்தை (திண்டுக்கல்), காலை 6:42
அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பிறந்தநாளுக்குப் புடவை வேண்டாம், கேக் வேண்டாம், கொடைக்கானல் ஏரிப்பக்கம் அந்த மெஸ்ஸில் ஒரு நேரம் சாப்பிட வேண்டுமாம். கடையை மூடப் போகிறார்கள் என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். யாரது?

அப்பா
நான் இல்லை

பெரியம்மா
மூடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பேரன் கைக்குப் போய்விட்டது என்றுதான் சொன்னேன்.

சென்னை அண்ணன்
சூப்பர். பாண்டியனில் கொடை ரோட்டுக்கு டிக்கெட் போடுகிறேன். இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் முடிந்தது

அத்தை பொண்ணு
😂😂😂

அப்பா
அங்கிருந்து மலை 80 கிலோமீட்டர் தம்பி. பிடி ஆட்டோ.

பெரியப்பா (மதுரை), 7:15
அனைவருக்கும் வணக்கம். போவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்துகொள்வது நல்லது. அந்த ஏரி இயற்கை ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. சுற்றி நடந்தால் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அடுத்தது ஈ-பாஸ். ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டாயம், பணம் கிடையாது. 2025 சீசனில் வார நாளில் 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டி என்று கட்டுப்பாடும் வைத்தார்கள். அரசு பஸ்ஸுக்கு இதெல்லாம் இல்லை. மூன்றாவது, தண்ணீர் பாட்டில். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, பிடித்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஆகவே எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளவும்.

நான்
சரி பெரியப்பா. மெஸ் திறந்திருக்கிறதா?

பெரியப்பா (மதுரை)
அதற்குத்தான் வருகிறேன்

அத்தை (திண்டுக்கல்)
வர மாட்டார். அம்மா எதற்குப் போகச் சொல்கிறார் என்று அண்ணனுக்குத் தெரியும்.

அத்தை பொண்ணு
எதற்கு??

அத்தை (திண்டுக்கல்)
குறிஞ்சி பார்க்கப் போனோம். மழையில் மலை ரோடு மண் சரிந்து மூடிவிட்டது, இரண்டு நாள் இறங்க முடியவில்லை. அப்பா கையில் பஸ் காசுதான் இருந்தது. அந்த மெஸ்காரர்தான் ஐந்து பேருக்கும் சோறு போட்டார். மலைப்பூண்டுக் குழம்பு, கேரட் பொரியல், பித்தளை டம்ளரில் சுக்குக் காப்பி. அடுப்படிக்குப் பக்கத்தில் பெஞ்சைப் போட்டு உட்கார வைத்தார்கள், பலகைச் சுவரெல்லாம் கரி. நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டு அந்த வீட்டம்மா போட்டிருந்த பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். கிளம்பும்போது சிலேட்டில் 64 ரூபாய் என்று எழுதி, அடுத்த தடவை வரும்போது கொடுங்கள் என்றார்.

சென்னை அண்ணன்
எந்த வருஷம்? 1994ஆ?

அத்தை (திண்டுக்கல்)
1994இல் நீ என் கல்யாணத்தில் பூந்தியை அள்ளித் தின்றுவிட்டு வாந்தி எடுத்தாய். இது 1982.

அத்தை பொண்ணு
அம்மா ஒரு நிமிஷம். பச்சை ஸ்வெட்டர் என்றால் நம்ம நாய் படுத்திருந்ததே, அதுவா

அத்தை (திண்டுக்கல்)
அதை இங்கே சொல்லாதே

மாமா
சொல்லியாச்சு

நான்
அப்புறம் 64 ரூபாயை யார் கொடுத்தது?

அப்பா
அதானே

அத்தை (திண்டுக்கல்)
அடுத்த வருஷம் பெரிய அண்ணன் காலேஜ் நண்பர்களோடு போனது. அப்பா நூறு ரூபாய் கொடுத்து, மெஸ்ஸில் கொடுத்துவிட்டு மீதியைச் செலவுக்கு வைத்துக்கொள் என்றார்.

பெரியப்பா (மதுரை)
கொடுத்தாயிற்று

பெரியப்பா (மதுரை)
அன்றைக்குக் கடை பூட்டியிருந்தது என்று நினைவு

அப்பா
கொடுத்ததா, பூட்டியிருந்ததா அண்ணே? திரும்பி வரும்போது முகத்தில் கூலிங் கிளாஸ் இருந்ததே

பெரியப்பா (மதுரை)
இது குடும்ப குரூப். இப்படியெல்லாம் பேச வேண்டாம்.

பெரியம்மா
வேறு எந்த குரூப்பில் பேசுவது?

மாமா
வரும்போது பழனி வழியாக இறங்கினால் பஞ்சாமிர்தம் வாங்கலாம். எனக்கு நான்கு டப்பா

அப்பா
வத்தலக்குண்டு வழிதான். பழனி ரோடு உங்களுக்குத் தலை சுற்றும், போன தடவை பார்த்தோம்.

அத்தை (திண்டுக்கல்), 9:30
அம்மாவிடம் அடுத்த குறிஞ்சிக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். 2030 வரைக்கும் கடனைத் தூக்கிச் சுமக்க மாட்டேன் என்கிறார். சுருக்குப்பையில் 64 ரூபாயை எண்ணித் தனியாக முடிந்து வைத்திருக்கிறார். வட்டி போட வேண்டாமா என்றால், அது உன் அண்ணன் போடுவான் என்கிறார்.

சென்னை அண்ணன்
அப்பா 🙏

நான்
சனியா ஞாயிறா?

அப்பா
சனி

மாமா
சனி வேண்டாம், வீட்டில் பெயின்டர் வருகிறான்

அத்தை பொண்ணு
ஸ்வெட்டரைத் துவைத்து எடுத்துக்கொண்டு வரவா, வேண்டாமா

பெரியப்பா (மதுரை), 10:04
ஈ-பாஸ் எடுத்துவிட்டேன். ஒரு வண்டி, ஆறு பேர். தேதி ஞாயிறு. சாப்பாட்டுச் செலவு முழுக்க என்னுடையது. இதற்கு மேல் அந்தப் பேச்சு வேண்டாம்.

அப்பா
எந்த ஆறு பேர்?

மாமா
பஞ்சாமிர்தம்?

அத்தை (திண்டுக்கல்)
அண்ணே, ஞாயிறு மெஸ் லீவு என்று ஞாபகம். யாராவது போன் பண்ணிக் கேளுங்கள்.

நான்
நம்பர் யாரிடம் இருக்கிறது?

பெரியம்மா
நம்பர் தெரியாது. கூலிங் கிளாஸ் பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்து வருகிறேன்.