மறு: மாநிலங்களவையில் ‘தாக்கல்’ போதுமா? ‘அவையீடு’ என் பரிந்துரை

வணக்கம்.

மாநிலங்களவையின் அலுவல் பட்டியலில் முதலில் வரும் ‘மேசையில் வைக்கப்படும் தாள்கள்’ என்பதற்குச் சுருக்கமாக ஒரு சொல் வேண்டும் என்று இந்தக் கலைச்சொல் இழையில் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதியவர்களில் பலர் ‘தாக்கல்’ இருக்கும்போது புதிதாக எதற்கு என்று முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

தாக்கலை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேட்புமனு தாக்கல், வழக்குத் தாக்கல் எல்லாம் நிலைத்துவிட்டன, இருக்கட்டும். இங்கே தில்லியில் கோர்ட் வாசலில் நிற்கும் வக்கீல் குமாஸ்தா ‘தாக்கில்’ என்று நாள் முழுக்கச் சொல்வதும் இதே சொல்தான். அங்கே அதற்குப் பொருள் ஒன்றுதான்: காகிதம் உள்ளே போய்விட்டது. மாநிலங்களவையில் காகிதம் உள்ளே போவதற்கு நாலு வாசல் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு. நம் செய்திகளில் நாலையும் தாக்கல் என்றே எழுதிவிடுகிறோம்.

காலை 11 மணிக்குப் பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். இரங்கல் குறிப்போ பதவிப் பிரமாணமோ இருந்தால் அது முடிந்ததும் அவைத்தலைவர் ஓர் அமைச்சரின் பெயரைச் சொல்வார். அவர் எழுந்து, பட்டியலில் என் பெயருக்கு எதிரே உள்ள தாள்களை அவையின் மேசையில் வைக்கிறேன் என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த பெயர், அடுத்த வாக்கியம். சில நாள் ஓர் இணையமைச்சரே பல சகாக்களின் சார்பில் மொத்தமாக வைத்துவிடுவார். கேள்வி இல்லை, வாக்கெடுப்பு இல்லை, யாரும் சம்மதம் சொல்வதும் இல்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே வருபவை தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள், பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், அரசு வெளியிட்ட விதிகள், அவசரச் சட்டங்கள். ஒரு சட்டத்தின் கீழ் அரசு விதி வகுத்தால் அதை இரு அவைகளிலும் மொத்தம் 30 நாள் இருக்கும்படி வைக்க வேண்டும், அதில் உறுப்பினர்கள் திருத்தமோ நீக்கமோ கோரலாம் என்று பெரும்பாலான சட்டங்களிலேயே ஒரு பிரிவு இருக்கும். அந்த 30 நாள் கணக்கு தொடங்குவது இந்த ஒற்றை வாக்கியத்தில்தான். இது முதல் வாசல்.

அப்புறம் நிலைக்குழுத் தலைவர்கள் தங்கள் குழுவின் அறிக்கையை அவைக்குக் கொடுப்பார்கள். அது இரண்டாவது. மூன்றாவது, மசோதாவை அறிமுகம் செய்வது. அவையின் அனுமதி கேட்டுத்தான் செய்ய முடியும், அந்த இடத்திலேயே எதிர்ப்புத் தெரிவிக்கவும் வழி உண்டு. வெள்ளிக்கிழமை பிற்பகலில் அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களும் இப்படி அனுமதி கேட்டே அறிமுகமாகின்றன. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா 2014-ல் அறிமுகம் செய்து 2015 ஏப்ரல் 24 அன்று இந்த அவையில் நிறைவேறிய திருநர் உரிமை மசோதா இந்த வழியாக வந்ததுதான்.

நாலாவதுதான் அதிகம் குழப்புவது. மக்களவையில் நிறைவேறிய மசோதா இங்கே வரும்போது யாரும் அதை அறிமுகம் செய்வதில்லை. அவையின் செயலாளர் நாயகம் எழுந்து, மக்களவையிலிருந்து வந்த செய்தியைப் படித்து, மசோதாவின் பிரதியை மேசையில் வைப்பார். அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் அமைச்சர் அதைப் பரிசீலனைக்கு எடுக்கும்படி முன்மொழிந்தால்தான் விவாதம். இந்தக் கட்டங்களில் எது நடந்தாலும் ‘மாநிலங்களவையில் மசோதா தாக்கல்’ என்று தலைப்பு வருகிறது. படிக்கிறவர் எதை என்று எடுத்துக்கொள்வார்?

இதனால் என்ன நட்டம் என்று சென்னை நண்பர் கேட்டிருந்தார். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவின் வரலாற்றைப் பாருங்கள் ஐயா. 1996, 1998, 1999 என்று மூன்று முறை மக்களவையில் அறிமுகமாகி, அந்தந்த மக்களவை கலைந்தபோது மூன்று முறையும் காலாவதியானது. 2008 மே 6 அன்று அதை மாநிலங்களவையில் அறிமுகம் செய்தார்கள். 2009-ல் மக்களவை கலைந்தது, மசோதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் மாநிலங்களவை கலைக்கப்படாத அவை, அங்கே அறிமுகமாகி அங்கேயே நிலுவையில் இருக்கும் மசோதா மக்களவையோடு சாகாது. 2010 மார்ச் 9 அன்று நிறைவேறி மக்களவைக்குப் போனது, அங்கே எடுக்கப்படாமலே கிடந்தது, 2014-ல் அந்த மக்களவையோடு சேர்ந்து காலாவதியானது. இதற்கு நேர்மாறானது குடியுரிமைத் திருத்த மசோதா. 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது, அங்கே நிறைவேறவில்லை, அந்த ஆண்டு மக்களவை கலைந்ததும் காலாவதியாகி, டிசம்பரில் புது மசோதாவாகத் திரும்ப வந்தது. ஆக, ஒரே அவையில் நிலுவையில் இருக்கும் இரண்டு மசோதாக்களில் ஒன்று தேர்தலைத் தாண்டிப் பிழைக்கும், இன்னொன்று பிழைக்காது. வேறுபாடு, ஒன்று அங்கே அறிமுகமானது, மற்றது அங்கே வைக்கப்பட்டது. இரண்டையும் தாக்கல் என்று எழுதினால் இந்தச் செய்தியையே தமிழில் சொல்ல முடியாமல் போகிறது.

பட்ஜெட் நாளிலும் இதே கதைதான். நிதியமைச்சர் உரை நிகழ்த்துவது மக்களவையில். அது முடிந்தபின் மாநிலங்களவையில் ஒரு பிரதி வைக்கப்படும். மானியக் கோரிக்கைகளில், அதாவது துறைவாரியான செலவுக்குப் பணம் கேட்கும் கோரிக்கைகளில், இந்த அவைக்கு வாக்கு கிடையாது, நிதி மசோதாவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு பெரியவர் பேப்பரைக் காட்டி, ‘ரெண்டு சபையிலயும் தாக்கல்னு போட்டிருக்கானே, அப்ப நிதியமைச்சர் ரெண்டு வாட்டி படிச்சாங்களா?’ என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் எழுதியதை அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

இந்தியில் இதைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தாள்களுக்கு ‘சபா படல் பர் ரக்னா’, மசோதா அறிமுகத்துக்குப் ‘புரஸ்தாபித்’ என்று அலுவல் பட்டியலிலேயே தனித்தனியாக இருக்கும். இலங்கை நாடாளுமன்றத்தின் நடவடிக்கைப் பதிவான ஹன்சார்டில் இந்த மேசைக்குச் ‘சபாபீடம்’ என்று கம்பீரமான ஒரு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ‘பேரவை முன் வைக்கப்பட்ட ஏடுகள்’ என்கிறார்கள். அது மிகச் சரியான தொடர், எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. ஆனால் தொடராக இருக்கிறதே தவிரச் சொல்லாக இல்லை, பெயர்ச்சொல் ஆக்கி இன்னொரு சொல்லோடு சேர்க்க வராது.

இழையில் வந்த பரிந்துரைகளில் ‘முன்வைப்பு’ சரிவராது. கருத்தை முன்வைத்தல், கோரிக்கையை முன்வைத்தல் என்று வேறு பொருளில் ஊறிப்போன சொல் அது. ‘சமர்ப்பித்தல்’ நல்ல சொல், ஆனால் அதைக் குழு அறிக்கைக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு குழு தனக்கு இட்ட வேலையை முடித்து அவையிடம் திருப்பிக் கொடுக்கிறது. பெங்களூரு அக்கா சொன்ன ‘அவையேற்றம்’ அழகாக இருக்கிறது, அரங்கேற்றம் போலவே ஒலிக்கிறது. ஆனால் அதில் ‘ஏற்றல்’ என்ற நிழல் விழுகிறது, அவை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று படிக்க இடம் கொடுக்கும். இங்கே அவை எதையும் ஏற்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை. அதனாலேயே அதை விட்டுவிட வேண்டும் என்கிறேன்.

என் பரிந்துரை: வினை ‘அவையிடு’, பெயர் ‘அவையீடு’. வெளியிடு – வெளியீடு, குறுக்கிடு – குறுக்கீடு, ஒதுக்கிடு என்று யாரும் சொல்லாவிட்டாலும் ஒதுக்கீடு என்று அந்தக் குடும்பம் தமிழில் நன்றாகவே தழைத்திருக்கிறது. வெளியே இடுவது வெளியீடு என்றால் அவையில் இடுவது அவையீடு. இட்டார்கள், அவ்வளவுதான், ஏற்றார்களா மறுத்தார்களா என்ற பேச்சு அதற்குள் இல்லை. தாள்களுக்கு ‘அவையீட்டு ஏடுகள்’. ‘அவை’ என்பது ‘அந்தப் பொருள்கள்’ என்ற பலவின்பாற் சுட்டாகவும் படிக்கப்படுமே என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். அவையடக்கம், அவைக்குறிப்பு, அவை முன்னவர் என்று எழுதும்போது யாரும் தடுமாறுவதில்லையே, இதிலும் தடுமாற மாட்டார்கள். தலைப்பில் இடம் பற்றாது என்றும் சொல்ல முடியாது: தாக்கலும் நாலு எழுத்து, அவையீடும் நாலு எழுத்து.

நாலாவது வாசலில் மக்களவையிலிருந்து வரும் மசோதாவும் மேசையில் வைக்கப்படுவதுதான் என்பதால் அதற்கும் அவையீடே போதும். மற்றவற்றுக்குப் புதுச்சொல் வேண்டாம். குழு அறிக்கைக்குச் சமர்ப்பித்தல், மசோதா முதலில் நுழைவதற்கு அறிமுகம், விவாதத்துக்கு எடுப்பதற்குப் பரிசீலனை. எல்லாம் கையில் இருக்கும் சொற்கள், கலந்துவிடாமல் பயன்படுத்தினால் போதும்.

கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறவர்கள் சொல்லை மட்டும் ஏற்றாமல் வாக்கியத்தோடு ஏற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இதையும் நாலு வேலைக்கு இழுத்துவிடுவார்கள். மாதிரிக்கு: ‘தணிக்கை அறிக்கை இன்று மாநிலங்களவையில் அவையிடப்பட்டது.’ ‘மக்களவை நிறைவேற்றிய மசோதா நேற்று அவையிடப்பட்டது, பரிசீலனைக்கு இன்னும் எடுக்கப்படவில்லை.’ இந்த இரண்டாவது வாக்கியம் யாருக்காவது உறுத்தினால் எங்கே உறுத்துகிறது என்று எழுதுங்கள், அதற்கேற்ப மாற்றலாம்.