மே மாதம் பதினைந்து நாள், இரண்டு குட்டிகள், தக்கலையில் மாமியார் வீடு: என்ன செய்யலாம்?

கோவை மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம். நான் கோயம்புத்தூர்க்காரி. மே மாதம் முதல் பதினைந்து நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டில் தங்கப் போகிறேன். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு நாலு. அவர் கடைசி இரண்டு நாள்தான் வருவார். இதுவரை கல்யாணம், துட்டி என்று ஒரு நாள் இரண்டு நாள் வந்து போனதோடு சரி, ஊர் எனக்குப் பழக்கமில்லை.

ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், பத்மநாபபுரம் அரண்மனை, சிதறால் மலை, வட்டக்கோட்டை, முட்டம், சொத்தவிளைக் கடற்கரைகள், கன்னியாகுமரியில் கடலுக்குள் இருக்கிற கண்ணாடிப் பாலம். இத்தனையும் முடியுமா? கடலில் குளிக்க விடலாமா? வீட்டைச் சுற்றி, இங்கே விளை என்று சொல்கிற பெரிய தோப்பு இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க அங்கே பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கவலையாக இருக்கிறது. கையில் போனைக் கொடுத்து உட்கார வைக்க மனசில்லை.

இரணியல் அம்மா:

தங்கச்சி, விளை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்.

என் மகனுக்கு இப்போது எட்டு, மகளுக்கு ஐந்து. போன வருடம் நானும் அரண்மனை, தொட்டிப்பாலம், திற்பரப்பு மூன்றையும் ஒரே நாளில் வைத்தேன். அரண்மனையில் ஒரு கல் உண்டு. அந்தக் காலத்தில் படைக்கு ஆள் எடுக்கும்போது அதைத் தலைக்கு மேல் 101 தடவை தூக்கச் சொல்வார்களாம். 38 கிலோ. நம் வீட்டுக்கு வருகிற அரிசி மூடையை விடக் கனம் என்று சொன்னதும் பையன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. தூக்கினவர் யார், சோறு எவ்வளவு தின்பார், தூக்க முடியாதவர் அழுவாரா என்று ஒரே கேள்வி. நான் நேரமாகிறது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தொட்டிப்பாலத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். 115 அடி உயரத்தில், நிழலே இல்லாத பாலத்தில், சின்னவளை இடுப்பில் வைத்து நடந்தேன். கீழே இறங்கி 28 தூணையும் எண்ண வேண்டும் என்றான் பையன். அதற்கும் நேரமில்லை. திற்பரப்பில் தண்ணீர் நல்ல அழகாக விழுந்துகொண்டிருந்தது, சின்னவள் என் தோளில் தூங்கிவிட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன், ஒரு நாளைக்கு ஓர் இடம், அதுவும் காலையில். மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்க வேண்டும்.

மிச்ச நேரமெல்லாம் விளைதான். இந்த ஏப்ரலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கமுகம்பாளை. கமுகு, அதாவது பாக்கு மரத்திலிருந்து பழுத்த ஓலை பாளையோடு தானாக விழும். அகலமான பாளையில் ஒருவர் உட்கார, ஓலைப் பக்கத்தைப் பிடித்து இன்னொருவர் இழுக்க வேண்டும். சின்னவள் உட்கார்ந்தாள், அண்ணன் இழுத்தான். திரும்புகிற இடத்தில் உருண்டு விழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் ஏறினாள். விழுந்த அன்றைக்கு இருக்கிற பாளைதான் வழுவழுப்பாக ஓடும். மூன்றாம் நாள் காய்ந்து நடுவில் கீறிவிடும், அப்புறம் அடுத்தது விழுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

பிறகு அண்டி சுடுவது. கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழத்தின் நுனியில் இருக்கிற கொட்டையைத்தான் இங்கே அண்டி என்போம். மே மாதத்திலும் கொஞ்சம் கிடைக்கும், மாமியாரிடம் கேளுங்கள். எங்கள் வீட்டில் பாட்டா (தாத்தா) ஒரு பழைய தகரத்தை ஆணியால் துளைத்து, மூன்று கல் கூட்டி அடுப்பில் வைத்தார். அண்டி சூடேறும்போது முதலில் 'சீ... சீ...' என்று ஒரு சத்தம். அப்புறம் தோட்டிலிருந்து கறுப்பாக எண்ணெய் ஊறி வரும். சட்டென்று குப்பென்று தீப் பிடிக்கும், தகரம் முழுக்க எரியும். அந்த நேரம் நீளக் கம்பால் தட்டி மணலில் கவிழ்த்து, மண்ணைப் போட்டுப் புரட்டுவார். அந்த எண்ணெய் தோலில் பட்டால் பொள்ளிவிடும். அதனால் பிள்ளைகள் இரண்டு பேரும் தள்ளித் திண்ணையில், கீழே காலை வைக்கக் கூடாது என்று உத்தரவு. ஆறின பிறகும் தோட்டைப் பெரியவர்கள்தான் உடைக்க வேண்டும். பாட்டா கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டுவார். முழுப் பருப்பு வந்தால் பிள்ளைகளுக்கு, உடைந்து வந்தால் பாட்டாவுக்கு. இது சின்னவள் போட்ட சட்டம். கடைசியில் பாட்டாவுக்கு மூன்று துண்டுதான் கிடைத்தது. 'இண்ணைக்கு நல்லா கைப் பக்குவம் வந்திருக்கு மக்களே' என்று சிரித்தார்.

கொல்லாம்பழத்தை உப்புத் தொட்டுக் கொடுங்கள், தொண்டை கரகரக்காது. சாறு துணியில் பட்டால் கறை போகாது. விளைக்கு என்று பழைய சட்டை இரண்டு எடுத்து வையுங்கள்.

மழை வந்தால் ஓலையில் காத்தாடி, பாம்பு, பந்து. அதெல்லாம் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். மழை விட்டதும் ஈர்க்கில் சொருகின ஓலைக் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினால் ஒரு சாயங்காலம் போய்விடும். சக்கை, அதாவது பலாப்பழம் வெட்டுகிற நாளில் பிள்ளைகள் கையில் முதலில் தேங்காயெண்ணெய் தடவிவிடுங்கள். சுளை கெட்டியான வருக்கைச் சக்கையாக இருந்தால் சுளையை அவர்களே பிய்த்துத் தின்பார்கள். சுளை குழைவான கூழன் சக்கை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும், நாலு வயதுப் பிள்ளைக்குக் கொட்டையை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

குளச்சல் வள்ளக்காரர்:

மக்களே, கடலைப் பற்றி நான் சொல்கிறேன். நாற்பது வருடம் வள்ளத்தில் போனவன்.

பிள்ளைகளைக் கடலில் குளிக்க விட வேண்டாம். ஏப்ரலும் மேயும் கள்ளக்கடல் வருகிற காலம். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது, கடல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். ஆனால் தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்று கிளப்பிய அலை நாள்கணக்கில் ஓடி வந்து நம் கரையில் ஏறும். கள்ளன் போல வருவதால்தான் அந்தப் பேர். ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் நிலையம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. காலையில் செய்தியில் கள்ளக்கடல் என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்குக் கடற்கரைப் பக்கமே வேண்டாம். மற்ற நாளில் சொத்தவிளையில் சாயங்காலம் மணலில் விளையாடட்டும், கையைப் பிடித்துக்கொண்டு கால் நனைக்கலாம். முட்டத்தில் பாறைமேல் ஏற்றாதீர்கள். ஈரப் பாறை வழுக்கும், அலை எப்போது எட்டும் என்று எங்களாலேயே சொல்ல முடியாது.

அதற்குப் பதில் ஒரு நாள் விடியற்காலையில் கரமடி, அதாவது கரையிலிருந்து இழுக்கிற பெரிய வலை இழுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுப்பார்கள். மடி கரைக்கு வரும்போது சாளை மீனும் நெத்திலியும் துள்ளும். எந்தப் பிள்ளைக்கும் பிடிக்கும். குளச்சல் துறைமுகத்திலும் மே மாதம் படகு வரும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை, எங்களுக்கு மேற்குக் கடல் கணக்கு, ஜூன் 1-ல்தான் தொடங்கும்.

புலியூர்க்குறிச்சி டீச்சர்:

அரண்மனைக்குத் திங்கட்கிழமை போக வேண்டாம், விடுமுறை. கண்ணாடிப் பாலத்தை வீட்டுக்காரர் வருகிற இரண்டு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 30-ல் திறந்ததிலிருந்து படகுக்கு வரிசை நீளம், ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பட்டியலில் இல்லாத ஒன்று, உதயகிரிக் கோட்டை. தக்கலைக்கு மிகப் பக்கம், உள்ளே மரநிழல். டிலனாய் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே தளபதியானவர், 1777-ல் இந்த மண்ணிலேயே இறந்தார். ஏழு வயதுப் பையனுக்குச் சொல்ல நல்ல கதை. எதிரி எப்படி நம்ம ஆள் ஆனார் என்று கேட்பான்.

கோவை மருமகள்:

அக்கா, அண்ணா, டீச்சர், மூன்று பேருக்கும் நன்றி. வந்து ஆறு நாள் ஆகிவிட்டது. வெளியே போனது மொத்தமே இரண்டு இடம். அரண்மனையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் நின்றோம், அவசரப்படுத்தவே இல்லை. கரமடிக்கு விடியற்காலை நாலரைக்கே பிள்ளைகள் தானாக எழுந்துவிட்டார்கள். ஒரு அண்ணன் பையனையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு உள்ளங்கையும் சிவந்து போய், அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு கை நெத்திலி கொடுத்தார்கள், மாமியார் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தார்.

அண்டி சுட்டோம். மாமியார் இத்தனை வருடத்தில் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. அவர் சின்ன வயதில் அண்டி விற்ற காசில் பள்ளிக்கூடத்துக்கு சிலேட்டு வாங்கிய கதையை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னார்.

பாளை நேற்று மத்தியானம் கீறிவிட்டது. இப்போது பையன் கமுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். மேலே ஒரு ஓலை பழுத்துத் தொங்குகிறது. தலையில் விழக்கூடாது என்று மாமியார் மரத்தடியிலிருந்து தள்ளி ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். காற்று அடிக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறான்.