கட்ட வேறுபாடு போதுமா? முந்துகோணம், பிந்துகோணம்

நண்பர்களுக்கு வணக்கம்.

மாறுதிசை அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஃபேஸுக்குக் (phase) 'கட்டம்' நிலைத்துவிட்டது. இலங்கை வழக்கில் 'அவத்தை' உண்டு. இரண்டையும் அசைக்க வேண்டாம். என் குறையெல்லாம், இரண்டு அலைகளின் கட்டங்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறிக்கும் 'கட்ட வேறுபாடு' என்ற தொடர் மீதுதான். எவ்வளவு வேறுபாடு என்று அது சொல்கிறது; எது முன்னே, எது பின்னே என்று சொல்வதில்லை. மின்தேக்கி (capacitor) உள்ள சுற்றில் அதுதானே முதல் கேள்வி?

மின்தடையையும் மின்தேக்கியையும் தொடராக இணைத்து மாறுதிசை மின்னழுத்தம் தருகிறோம். வோல்ட்மீட்டரில் தடைக்கு 6 வோல்ட், தேக்கிக்கு 8 வோல்ட். மூலத்தில் அளந்தால் 14 வருவதில்லை, 10 தான் வருகிறது. தடையின் அழுத்தம் மின்னோட்டத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். தேக்கியின் அழுத்தமோ அதற்கு 90 பாகை பின்தங்கும். ஆகவே செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலக் கூட்ட வேண்டும்: 36-உம் 64-உம் 100, அதன் வர்க்கமூலம் 10. மூல அழுத்தத்தை மின்னோட்டம் ஏறத்தாழ 53 பாகை முந்துகிறது.

இந்த 53 பாகைக்கு 'முந்துகோணம்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். தேக்கியின் இடத்தில் மின்தூண்டி (inductor) இருந்தால் மின்னோட்டம் பின்தங்கும், அப்போது 'பிந்துகோணம்'. திசை சொல்லிலேயே இருப்பதால் கழித்தல் குறியை எங்கே போடுவது என்ற குழப்பமும் தீரும். இரண்டும் வினைத்தொகை. முந்திய, முந்துகின்ற, முந்தும் என மூன்று காலத்துக்கும் பொருந்துவதால், சுழற்சிக்குச் சுழற்சி மாறாமல் தொடரும் ஓர் உறவுக்கு இதைவிட நல்ல இலக்கணம் அமையாது. 'முன்கட்டம்' என்ற மாற்று எனக்கு உவப்பில்லை. படிப்பவர் மனம் 'முதற்கட்டம், அடுத்த கட்டம்' என்று படிநிலைக்குப் போய்விடும்.

'முந்துதல்' என்றால், அழுத்தம் வருமுன்பே ஓட்டம் எப்படி வரும் என்று மாணவர் கேட்பாரே என்று நீங்கள் சொல்லலாம். கேட்கட்டும், நல்ல கேள்வி. தேக்கிக்குள் பாயும் ஓட்டம் அதன் அழுத்தம் மாறும் வேகத்தைப் பொறுத்தது. அழுத்தம் சுழியைக் கடக்கையில் மாற்றம் மிக வேகமானது, அப்போதுதான் ஓட்டம் உச்சத்தில் இருக்கும். அழுத்தம் உச்சியைத் தொடும் கணத்தில் மாற்றமே இல்லை, ஓட்டம் சுழி. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி என்பதால் தேக்கியின் அழுத்தத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இந்த 90 பாகை, அதாவது கால் சுழற்சி, இடைவெளி 5 மில்லிநொடி. முந்துவது உச்சிதான், விளைவு காரணத்தை முந்துவதில்லை. சுவிட்சைப் போட்ட மறுகணமே இந்த ஒழுங்கு அமைந்துவிடாது, தொடக்கத்தில் எழும் தற்காலிக மாற்றம் அடங்க வேண்டும்.

எனவே வரையறையை இப்படி எழுதலாம்: தொடக்க மாற்றம் அடங்கிச் சுற்று நிலைபெற்ற பின், மூல மின்னழுத்தத்தை மின்னோட்டம் எத்தனை பாகை முந்துகிறதோ அது முந்துகோணம். மின்னோட்டம், மூல அழுத்தம் இரண்டையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.