பகுதிப் பருமனா, உட்கலப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நுரையீரல் சி.டி. படத்தில் மூச்சுக்குழாய்ச் சுவரை அளக்கும்போது, படத்தின் ஒரே புள்ளியில் இரு பொருள்கள் கலந்து பதிவதால் நேரும் ‘பார்ஷியல் வால்யூம் எஃபெக்ட்’ என்னும் பிழைக்குப் ‘பகுதிப் பருமன் விளைவு’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. மூலச்சொல்லுக்கு அது நேரானதுதான். ஆயினும் ஆஸ்துமா பற்றிய ஒரு பத்தியில் அதை இட்டுப் பார்த்தபோது, பொருள் இரண்டு இடங்களில் தடுக்கியது.

பருமன் என்பது தமிழில் கனஅளவையும் குறிக்கும், தடிப்பையும் குறிக்கும். சுவர் எவ்வளவு தடிப்பானது என்பதே பேசுபொருளாக உள்ள கட்டுரையில் ‘பகுதிப் பருமன்’ என்று எழுதினால், சுவரின் ஒரு பகுதி மட்டும் அளக்கப்பட்டது என்றே வாசகர் கொள்வார். (சுவரின் அளவைத் ‘தடிமன்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஈழத்தில் அது ஜலதோஷத்தின் பெயர். மூச்சுநோய்க் கட்டுரைக்குள் அது வேண்டாம். ‘சுவர்த்தடிப்பு’ போதும்.)

இரண்டாவது தடை இதைவிடப் பெரியது. உண்மையில் நிகழ்வது கலப்பு. படத்தின் கனப்புள்ளி (வாக்ஸல், அதாவது முப்பரிமாணப் படப்புள்ளி) ஒவ்வொன்றும் ஒரே ஒரு எண்ணைத்தான் தாங்கும். சி.டி. படத்தில் செறிவைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் காற்று −1000, நீர் 0. சுவர்த்திசுவை ஏறத்தாழ 40 எனக் கொண்டால், பாதி காற்றும் பாதி சுவருமாக அமைந்த கனப்புள்ளி −480 என்று காட்டும். அந்த மதிப்புடைய பொருள் எதுவும் அந்த இடத்தில் இல்லை. சுவரின் வெளிப்புறத்தில் இருப்பது வெறுங்காற்று அன்று, −850 அளவிலான நுரையீரல் திசு. ஆகவே அங்கே பாதிக்குப் பாதி கலந்தால் −405 வரும். ஒரே சுவரின் இரு ஓரங்களும் இப்படி இரு வேறு எண்களில் விழுவதால், ‘இதற்கு மேல் சுவர், கீழ் சுவரன்று’ என்று பிரிக்கும் ஒற்றை வரம்பெண்ணைக் கொண்டு இரண்டையும் சரியாகப் பிரிக்க இயலாது. 0.6 மி.மீ. கனப்புள்ளியில் 1.2 மி.மீ. சுவருக்குக் கிடைப்பவை இரண்டே புள்ளிகள். அவையும் கலந்துவிட்டால் தூய சுவர் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

எனவே ‘உட்கலப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘உட்கலந்த புள்ளி’, ‘உட்கலப்புப் பிழை’, ‘உட்கலப்புத் திருத்தம்’ என்று அது இயல்பாகக் கிளைக்கிறது. பகுதிப் பருமனிலிருந்து ஒரு வினைச்சொல்லை உருவாக்கவே முடியவில்லை.

உட்கலப்பையும் மங்கலையும் ஒரே சொல்லில் அடக்கலாமே என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. கதிர்க்குழலின் குவியப்பரப்பு (எக்ஸ் கதிர் பிறக்கும் இடத்தின் பரப்பு), உணர்கருவியின் அளவு, படத்தை மீட்டுருவாக்கும் கணக்கீட்டு வடிகட்டி ஆகியவற்றால் ஒரு புள்ளியின் செறிவு அண்டைப் புள்ளிகளுக்குப் பரவுவது மங்கல். படப்பரப்பைக் குறுக்கிக் கனப்புள்ளியைச் சிறிதாக்கினால் உட்கலப்புக் குறையும். மங்கல் அப்படியே நிற்கும். கூர்மையான வடிகட்டி மங்கலைக் குறைக்கும். ஆனால் இரைச்சலைக் கூட்டுவதோடு ஓரங்களில் மதிப்பை மிகைப்படுத்தவும் செய்யும். மருந்து வேறானால் நோயின் பெயரும் வேறாக இருப்பதே முறை.

சுவரின் குறுக்கே செறிவு ஏறி இறங்குவதைக் காட்டும் வரைவில் உச்சத்தின் பாதி உயரத்திலுள்ள அகலத்தை அளக்கும் முறைக்கு ‘அரையுச்ச அகலம்’ என்ற சொல்லை மறுப்பின்றி ஏற்கிறேன். அந்த முறை மெல்லிய சுவரை உள்ளதைவிடத் தடித்ததாகவும், குழாயின் உள்வெளியைச் சிறியதாகவும் காட்டும். மெல்லிய சுவரில்தான் இப்பிழை மிகுதி என்பதால், நலமுள்ளவரின் சுவர் கூடுதலாகத் தடித்துத் தெரிகிறது. ஆஸ்துமா நோயாளியின் சுவருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி படத்தில் சுருங்கிவிடுகிறது. சிகிச்சையால் சுவர்த்தடிப்பு குறைந்ததா என்று ஆராய்பவர் தேடுவது இந்த இடைவெளியைத்தான். தடிப்பு முன்பே தெரிந்த பிளாஸ்டிக் குழாய்களைப் படமெடுத்துத் திருத்தக்கெழு (பிழையை ஈடுசெய்யும் எண்) காண்பதும் இதற்காகவே. அவ்வாறு படமெடுக்கும் மாதிரிப் பொருளுக்கு (ஃபேன்டம்) ‘அளவுப்போலி’ என்ற சொல் பொருந்துமா என்று நண்பர்கள் சொல்ல வேண்டும்; ‘போலி’யில் உள்ள இழிபொருள் எனக்குச் சற்று உறுத்துகிறது.